ஒன்பது முதல் ஒன்று வரை

திறக்கவில்லை. சுற்றுகிறது, சுற்றுகிறது, வெள்ளையாக வந்து நிற்கிறது. மணி பத்து இருபத்திரண்டு. மறுபடி அமுக்காதே எமல்டா, நீங்களும் சேர்ந்து அமுக்கினால் அதுவும் ஒரு சுமைதான் அக்கா என்று யூசுப் சொல்லியிருக்கிறான், ஆனால் விரல் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே. யூசுப் எங்கள் டிரஸ்டின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன், பாலக்கரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை, எங்களுக்கு இனாமாகச் செய்கிறான், இனாமாகச் செய்கிறவனைத் திட்டவும் வழியில்லை. ஒரே நேரத்தில் லட்சம் பேர் கதவைத் தட்டுகிற மாதிரி அக்கா என்றான் நேற்று. எந்த லட்சம் பேர்? ஆளே கிடையாதாம். எங்கேயோ ஒரு நகைக்கடையில் மாட்டிய கேமரா, யார் வீட்டுப் பரணிலோ சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிற வைஃபை பெட்டி, இப்படி உலகம் பூராவும் கிடப்பதையெல்லாம் எவனோ வசப்படுத்தி வைத்துக்கொண்டு, போ, போய் அந்தத் திருச்சிக்காரி கதவைத் தட்டு என்று அனுப்புகிறானாம். கேமராக்கள் தட்டுகின்றன, பெட்டிகள் தட்டுகின்றன, உள்ளே வர வேண்டிய மனுஷர்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்குக் காது கேட்காது. ஆஸ்பத்திரியிலோ பேங்கிலோ நின்றுகொண்டு போனில் எங்கள் பக்கத்தைத் திறந்தால் நானோ கற்பகவல்லியோ படத்தில் வருவோம், அவர்கள் கையால் பேசுவதை வாயால் சொல்வோம், எதிராளி வாயால் சொல்வதைக் கையால் காட்டுவோம். அவ்வளவுதான் எங்கள் டிரஸ்ட். புத்தூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை, மூன்று நாற்காலி, முதுகுக்குப் பின்னால் நீலத்துணி. பக்கம் திறக்காவிட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? தாக்குதல் என்றா நினைப்பார்கள், பாவம், நம் போன்தான் கெட்டுப்போச்சு, ரீசார்ஜ் தீர்ந்துபோச்சு என்று நினைப்பார்கள், எல்லாவற்றுக்கும் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிற ஜனங்கள் அவர்கள். கற்பகவல்லியைப் பெரியாஸ்பத்திரி வாசலுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன், நம் ஆட்கள் யார் கண்ணில் பட்டாலும் கூடவே உள்ளே போ என்று. இங்கே நான் தனியாக உட்கார்ந்து வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி அமுக்கிவிட்டேன். திறக்கவில்லை.

திங்கட்கிழமைதான் மெயிலில் அந்தக் கடிதம் வந்தது. இங்கிலீஷ், ஒரு பிழை இல்லை, அன்புள்ள என்று ஆரம்பம் வேறு. பணம் அனுப்பாவிட்டால் உங்கள் பக்கம் படுத்துவிடும், மாதிரிக்கு இருபது நிமிஷம் காட்டுகிறோம் என்று எழுதியிருந்தான், காட்டவும் செய்தான். கேட்ட தொகை எங்களால் ஆகாது, டிரஸ்டில் பெரியவராக இருக்கிற ரிடையர்டு பேங்க்காரர் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இரும்மா என்றார், புகார் கொடுத்தேன், ஒரு நம்பர் வந்தது, நம்பரோடு சரி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா நான்? இருக்கவில்லையே. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு, நான் வைத்த வழக்கம்தான், யார் கடிதம் போட்டாலும் அன்று சாயங்காலத்துக்குள் பதில் போய்விட வேண்டும். நம் ஆட்கள் ஆயுசு பூராவும் பதில் கிடைக்காமல் வளர்ந்தவர்கள். வீட்டில் பத்துப் பேர் சிரிக்கிறார்கள், எதுக்குச் சிரிக்கிறீங்க என்று கையை ஆட்டினால், ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன். அந்த அப்புறம் வரவே வராது. அதனால் நம் டிரஸ்டில் எவருக்கும் அப்புறம் என்பது கிடையாது என்று பெரிய இவள் மாதிரி சட்டம் போட்டேன். அந்தப் பழக்கதோஷம், திங்கட்கிழமை சாயங்காலம் அவனுக்கும் பதில் எழுதினேன். டிக்ஷனரி பார்த்து, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, அழகாக எழுதினேன். நாங்கள் சின்ன டிரஸ்ட், அறுநூற்று நாற்பது பேர் எங்களை நம்பியிருக்கிறார்கள், உங்களுக்கும் அம்மா இருப்பார்கள், அப்படியும் நிறுத்தித்தான் ஆவேன் என்றால் காலை ஒன்பது முதல் ஒன்று வரை மட்டுமாவது விட்டுவிடுங்கள், அது ஆஸ்பத்திரி நேரம், அந்த நேரத்தில் நாங்கள் இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு கதியே இல்லை. செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. மனுஷன்தானே, மனசு இளகிவிட்டது என்று பூரித்துப்போனேன், மத்தியானம் ஒரு வாய் கூடவே சாப்பிட்டேன். புதன்கிழமை ஒன்பது மணிக்குப் படுத்தது, ஒரு மணிக்கு எழுந்தது. அப்போதுகூட இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. இன்றைக்குக் காலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்பது அடித்ததும் திரை வெளுத்தது, அப்போதுதான் என் வாக்கியம் எனக்கே ஞாபகம் வந்தது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது, நான் உட்கார்ந்து எழுதிக்கொடுத்திருக்கிறேன், தயவுசெய்து என்று வேறு போட்டு. அவனுங்களுக்குப் பதில் எதுவும் போடலையே அக்கா என்று யூசுப் காலையில் கேட்டான். இல்லையே என்றேன்.

பத்து முப்பத்தைந்து. பதினொரு மணிக்கு இடது புருவம். அவள் பேர் அதில்லை, ஆனால் எனக்குத் தெரிந்த பேர் அதுதான். நம் ஆட்களுக்குள் எழுத்தில் இருக்கிற பேரை யார் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொருத்தருக்கும் கையால் ஒரு பேர் உண்டு, முகவாய்க் குழி, சுருட்டை, சைக்கிளிலிருந்து விழுந்தவன். இவளுக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத்தழும்பு, ஆள்காட்டி விரலால் புருவத்தை ஒரு இழுப்பு இழுத்தால் அவள்தான். முப்பது முப்பத்தொன்று வயது, மணப்பாறைப் பக்கம், புருஷனுக்கும் காது கேட்காது, ஏழு வயசில் ஒரு பெண், அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்கும். வயிற்றில் கட்டி. போன வாரம் டாக்டரிடம் நான்தான் பேசினேன். கட்டியை எடுத்தே ஆக வேண்டும், கர்ப்பப்பையை வைப்பதா எடுப்பதா என்று ஆபரேஷன் அன்றைக்குப் பேசிக்கலாம் என்றார் அந்த டாக்டரம்மா. அவர் எழுந்து போனபிறகு இவள் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னாள். இன்னொரு குழந்தை வேண்டும். எனக்காக இல்லை, பெரியவளுக்காக. வீட்டில் அவள் வாய்விட்டுப் பேச ஆளில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே இருக்கிறாள், யாரோடு பேசுகிறாய் என்றால் தங்கச்சியோடு என்கிறாள். அதனால் வியாழக்கிழமை நீ கேட்டுவிடு, கர்ப்பப்பையை விட்டுவிடச் சொல்லிவிடு, என் எழுத்து டாக்டருக்குப் புரியாது, நீ வாயால் சொன்னால்தான் ஆகும். சொல்லிவிடுகிறேன் என்று நெஞ்சில் கை வைத்தேன். இன்றைக்குத்தான் அந்த வியாழக்கிழமை. அவள் போன் நம்பர் பதிவேட்டில் இருக்கிறது, எழுத்துப் பேர் அதில் இருக்கிறது, ஆஸ்பத்திரிப் பேர் அதில் இருக்கிறது, பதிவேடு அந்த வெள்ளைத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று ஒரு மணிக்குத் திறந்தபோது ஒரு காகிதத்தில் இன்றைக்கான பதினொரு பேரையும் எழுதிவைத்திருக்கலாம், பத்து நிமிஷ வேலை. காத்துக்கிடந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள், ராத்திரி ஏழு வரைக்கும் கை ஓயாமல் பேசிவிட்டு, கண் எரிய வீட்டுக்குப் போனேன். யூசுப்புக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் யாருடைய சொந்த நம்பரும் அவளிடம் கிடையாது, அதுவும் என் சட்டம்தான். முன்னே ஒருத்தன் கற்பகவல்லியைக் கண்ட நேரத்திலும் வீடியோவில் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தான் என்று, நம்பரும் கொடுக்கக் கூடாது வாங்கவும் கூடாது, எல்லாம் பக்கத்தின் வழியாகத்தான் என்று முடிவு செய்தேன். எவ்வளவு சட்டம் போட்டிருக்கிறேன் அம்மாடி. அவள் அந்த ஆஸ்பத்திரியைக் கையால் சொன்னாள், மணிக்கட்டைத் தட்டி, பிறகு நாலு விரல். கடிகாரம் மாட்டிய நாலு மாடி. எந்த ஊரில்? திருச்சியா, திண்டுக்கல்லா, கரூரா? நான் ஏன் கேட்டுவைக்கவில்லை? காலையிலிருந்து மூன்று ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டேன், பேஷன்ட் பேர் சொல்லுங்க மேடம் என்கிறாள் அந்தப் பெண், நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு புருவத்தை இழுத்துக்கொண்டு நிற்கிறேன். காது கேட்காத பேஷன்ட்டும்மா என்றேன். இ.என்.டி. டிபார்ட்மென்ட்டுக்குப் போட்டுக்கொடுத்தாள்.

அமைதியாக இருக்கிறது இந்த அறை, அதுதான் தாங்கவில்லை. காது கேட்காதவர்கள் வீடு அமைதியாக இருக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீடு சந்தைக்கடை. அம்மா பாத்திரத்தை வைத்தால் தெருவுக்குக் கேட்கும், அப்பா கதவைச் சாத்தினால் காரை உதிரும், ஒருத்தரையொருத்தர் கூப்பிடத் தரையை உதைப்பார்கள், லைட்டை அணைத்து அணைத்துப் போடுவார்கள். அதற்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் சத்தம் தெரிந்தவள். ரேஷன்கடைக்காரன் என்ன சொல்றான் என்று அம்மா என் தோளைத் தட்டுவாள், அவன் இந்த ஊமைக்கு வேற வேலையில்ல என்று சொல்லியிருப்பான், சர்க்கரை நாளைக்கு வருமாம் என்று நான் கையைக் காட்டுவேன். ஆறு வயசிலேயே பொய்யை மொழிபெயர்க்கக் கற்றுக்கொண்டேன். அப்பாவுக்கு ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு ஒன்பது வயசு. டாக்டர் என் உயரத்துக்குக் குனிந்து, அம்மாகிட்ட சொல்லும்மா, ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு என்றார். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமாம் என்று காட்டினேன். அம்மா சிரித்தாள், டாக்டரைக் கும்பிட்டாள். அப்பா நாற்பதாவது நாள் போய்ச் சேர்ந்தார். தெரிந்திருந்தால் அவரை அவர் அண்ணனிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பேன், சண்டை தீர்ந்திருக்கும் என்று அம்மா சாகிறவரைக்கும் சொன்னாள், என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, ஆனால் அதற்குப் பிறகு என் கையை அவள் முழுசாக நம்பவே இல்லை. எந்தக் குழந்தைக்கும் அந்த வேலை வரக்கூடாது என்றுதான் இந்த நாற்காலியைப் போட்டேன். இடது புருவமும் அதைத்தான் சொன்னாள், பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர மாட்டேன், பள்ளிக்கூடத்தில் விட்டுவிடுவேன், நீதான் இருக்கிறாயே. இருக்கிறேன். நன்றாக உட்கார்ந்திருக்கிறேன். பத்து ஐம்பது.

காது கேட்காதவர்கள் சங்கத்து வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது, ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதில் கையால் பேசி ஒரு வீடியோ போட்டால் போதும், இடது புருவம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள் என்று. ஐந்து நிமிஷத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். பக்கம் வேலை செய்யவில்லை என்று காலையில் ஒரு வீடியோ போட்டேன், அவள் அந்தக் குழுவில் இல்லை. இதையும் போடலாமா? போட்டால் என்ன ஆகும்? ஏன், எதுக்கு, என்ன ஆபரேஷன் என்று கேட்பார்கள், மத்தியானத்துக்குள் திருச்சியிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் அவள் கர்ப்பப்பைதான் பேச்சு. கண்ணால் பேசுகிற ஜனங்களுக்கு ரகசியம் தங்காது. மாமியாருக்குத் தெரியக் கூடாது, யாருக்கும் சொல்லாதே என்று உதட்டை விரலால் பூட்டிக் காட்டினாள். ஒரு இடத்தில் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், மொழிபெயர்க்கிறவளுக்கு அதுதான் கற்பு என்று நானே பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறேன். போனை எடுத்து ஜன்னலில் சாய்த்துவைத்தேன். முதல் வாக்கியம் சொன்னேன், நிறுத்தினேன், அழித்தேன். மறுபடி சாய்த்துவைத்தேன். அட, உயிரா போகிறது, கட்டியை எடுக்கத்தானே போகிறார்கள், ஒருவேளை டாக்டரே புரிந்துகொள்வார், ஒருவேளை ஆபரேஷன் தள்ளிப்போகும், ஒருவேளை அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். கடைசியாக நினைத்தது எவ்வளவு அசிங்கம். அந்தக் குழந்தையாவது அங்கே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேனா நான்? யூசுப்பைக் கூப்பிட்டேன். இந்த மாதிரித் தாக்குதலிலிருந்து காப்பாற்றுகிற கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறானாம், டிரஸ்ட் சர்ட்டிபிகேட் கேட்கிறார்களாம், இரண்டு நாள் ஆகுமாம். பதிவேட்டை மட்டும் எடுக்க முடியாதாடா தம்பி, ஒரே ஒரு பேர் என்றேன். நம்ம பக்கம் ஓடுற அந்த இயந்திரத்துக்குள் என்னாலயே நுழைய முடியல அக்கா, நகலும் அதிலேயேதான் இருக்கு, ஒரு மணிக்கு அவன் நிறுத்தினா எடுத்துடலாம் என்றான். ஒரு மணிக்கு அவன் நிறுத்திவிடுவான் என்று இவனுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது, சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் அவன்தான். தம்பி, நான் அவனுக்குப் பதில் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கடையில் கஸ்டமர் வந்துட்டாங்க அக்கா என்று வைத்துவிட்டான். வீடியோவைப் போடவில்லை. பதினொன்று ஆகிவிட்டது, பதினொன்று ஐந்து ஆகிவிட்டது, நான் ஜன்னல் ஓரத்தில் போனைச் சாய்ப்பதும் எடுப்பதுமாக நிற்கிறேன்.

மேஜைமேல் இருக்கிற போன் அடித்தது. லேண்ட்லைன், நம்பர் தெரிகிற கண்ணாடிகூட இல்லாத பழைய போன். இதன் நம்பர் எங்கள் கார்டில் அச்சடித்திருக்கிறது, காது கேட்காதவர்களுக்குக் கொடுக்கிற கார்டில் போன் நம்பர் எதுக்கு என்றால், நம்பர் இல்லாத கார்டுக்கு மரியாதை இருக்காதும்மா என்றார் பேங்க்காரர். எடுத்தேன். ஹலோ என்றேன். யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம், எங்கேயோ தூரத்தில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள், நாற்காலி இழுபடுகிறது. பிறகு ஒரு தொண்டைச் சத்தம், ம்ஹ் என்று, மூச்சும் முனகலும் கலந்த மாதிரி. அவர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு சத்தம் உண்டு, தங்களிடமிருந்து அது வருவது அவர்களுக்கே தெரியாது. இது அவளுடையது. போன வாரம் முப்பது நிமிஷம் கேட்ட சத்தம். இடது புருவம். கார்டைப் பார்த்து நம்பரை அமுக்கியிருக்கிறாள், திரையில் நொடி ஓட ஆரம்பித்ததும் நான் எடுத்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டிருப்பாள். நாங்கள் பழக்கிய மாதிரியே போனை டாக்டர் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள். படம் இல்லாவிட்டால் என்ன, எமல்டாக்காவுக்குக் காது இருக்கிறது, டாக்டர் பேசுவது அவளுக்குக் கேட்கும், அவள் பேசுவது டாக்டருக்குக் கேட்கும் என்று நினைத்திருப்பாள். கேட்காதடி பெண்ணே. எங்கள் பக்கத்தில் பேசினால் ஸ்பீக்கர் தானாக வரும், சாதாரண போன் அழைப்பில் அதை நீதான் போட வேண்டும், பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட போனில் பேசாத உனக்கு அது எப்படித் தெரியும். டாக்டர், டாக்டர் என்று கத்தினேன். என் சத்தம் எறும்புச் சத்தமாக அந்த போனின் ஓட்டைக்குள் இருக்கிறது, அதைக் காதில் வைத்தால்தான் கேட்கும், அதைக் காதில் வைக்க அங்கே யாரும் இல்லை. கீழே மருந்துக்கடைக்காரர் மேலே பார்த்து என்னம்மா என்கிறார். போன வாரம் பேசியவர் இல்லை, வேறொரு டாக்டரம்மாவின் குரல் தெளிவாக வந்தது.

"வீட்டுக்காரர் கீழே கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க சொல்லுங்கம்மா. கட்டியை மட்டும் எடுக்கலாம். இல்லன்னா கர்ப்பப்பையையே எடுத்துடலாம், மறுபடி தொந்தரவு வராது. ஒரு பொண்ணு இருக்குல்ல, அது போதுமா?"

"காது கேக்காதுன்னு எழுதியிருக்கு மேடம்," என்றது ஒரு நர்ஸின் குரல்.

அப்படியா, சத்தமாச் சொன்னா புரியும் என்று டாக்டரம்மா அதையே இன்னொரு தடவை, சத்தமாக, அன்பாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். கெட்ட மனுஷி இல்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நான் கத்துகிறேன், வேண்டாம், போதாது, கர்ப்பப்பையை விட்டுவிடுங்கள், அவளுக்கு இன்னொரு குழந்தை வேண்டும். கத்திக்கொண்டே கீழே பார்க்கிறேன், என் இரண்டு கையும் டாக்டர் சொல்வதை வார்த்தை விடாமல் காட்டிக்கொண்டிருக்கின்றன, எதிரில் நாற்காலி, நாற்காலிக்கு அப்பால் சுவர். ஒரு பொண்ணு, போதுமா என்று கேட்கிறது என் கை. அந்தப் பக்கம் சத்தமில்லை. தலையாட்டலுக்குச் சத்தம் கிடையாது. எனக்குத் தெரியும் அந்தத் தலையாட்டல், பேசுகிறவர் முகம் கோணிவிடக் கூடாதே என்று ஆட்டுகிற தலை, என் அம்மா ஆட்டிய தலை, ஆனால் இது அதுகூட இல்லை. அவள் என்னிடம் கேள்வியைக் கொடுத்துவைத்திருக்கிறாள். நான் இப்போது அதைக் கேட்டுவிட்டேன் என்று நினைக்கிறாள். டாக்டர் தன் முகத்தைப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, சிரித்தபடி, இரண்டு தடவை அழுத்திச் சொல்வது என் கேள்விக்குப் பதில், கர்ப்பப்பையை விட்டுவைக்கிறேன் என்கிறார் என்று நினைக்கிறாள்.

"பாருங்க, நல்லாவே புரியுது, தலையாட்டிட்டாங்க," என்றார் டாக்டரம்மா. "மொத்தமா எடுத்துடலாம் சிஸ்டர். பதினொன்றரைக்குத் தியேட்டருக்குக் கொண்டு வந்துடுங்க."

நாற்காலி இழுபட்டது. செருப்புச் சத்தம் போய்விட்டது. லைன் இன்னும் இருக்கிறது, டாக்டர் இல்லாத அறையைப் பார்த்து போனை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். ஹலோ, ஹலோ என்கிறேன், வேறு என்ன சொல்வது. அப்போது அந்தச் சத்தம் மறுபடி வந்தது, ம்ஹ், ம்ஹ், ம்ஹ் என்று விட்டு விட்டு, மூச்சு முட்டுகிற மாதிரி. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அழவில்லை, சிரிக்கிறாள்.